உறங்கும் விதையும் உறைபனியும்

கடந்த இலையுதிர் காலத்தில், ஸ்காபுறோவில் எமது அடுக்குமாடியில் வசிக்கும் ஆச்சி ஒருவர், பூங்காவில் பொறுக்கிய சர்க்கரை மேப்பிள் விதைகளைப் பூச்சட்டியில் ஊன்றி, வெப்பமூட்டிக்கு அருகே வைத்து நாள்தோறும் நீர் வார்த்தார். அருகிலேயே அவர் இட்ட கத்தரி விதைகள் பத்து நாளில் முளைத்தன. மேப்பிளோ ஆறு கிழமைகள் கழிந்தும் அசையவில்லை.

"எல்லாம் பட்டுப்போச்சுதோ, தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை ஆச்சி, நித்திரை கொள்ளுது" என்றேன். அவர் நம்பவில்லை.

நீர், காற்று, இதமான சூடு ஆகிய மூன்றும் கிடைத்தும் உயிருள்ள விதை முளைக்க மறுக்கும் நிலையைத் தாவரவியலார் உறங்குநிலை என்பர். அதற்குத் தக்க காரணம் உண்டு. சர்க்கரை மேப்பிள் இலையுதிர் காலத்தில் விதைகளை உதிர்க்கின்றது. ஒக்ரோபர் மாதத்து இளவெயிலை நம்பி அவை முளைக்குமாயின், பின்னே வரும் உறைபனி இளநாற்றுகளைக் கொன்றுவிடும். வெள்ளி மேப்பிளோ கோடை தொடங்கும் வேளையில் விதைகளை உதிர்ப்பதால், அவை காத்திராமல் உடனே முளைக்கின்றன. எமது மாங்கொட்டையும் அத்தகையதே. குளிர்காலம் அறியாத அதற்கு உறங்கத் தெரியாது. நன்கு காய்ந்தால் இறந்துவிடும்.

இவ்வுறக்கத்தை ஆள்பவை முக்கியமாக இரண்டு ஓமோன்கள். அப்சிசிக் அமிலம் முளைத்தலைத் தடுக்கின்றது. ஜிபரெலின் அதனைத் தூண்டுகின்றது. தாய் மரத்தில் விதை முதிரும்போதே முன்னையது அதனுள் சேர்ந்துவிடுகின்றது. பின்னர் ஈரமும் குளிரும் உள்ள மண்ணில் விதை கிடக்கக் கிடக்க, தடையின் வலு குன்றி, தூண்டுதலின் கை ஓங்குகின்றது. சர்க்கரை மேப்பிளுக்கு, உறைநிலையைச் சற்றே தாண்டிய வெப்பநிலையில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் வேண்டும். வெப்பமூட்டியின் அருகே அது எவ்வாறு விழிக்கும்?

இந்த ஓமோன்களை இயக்குபவை பரம்பரையலகுகள். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடொப்சிஸை ஆராய்ந்த ரொறன்ரோ பல்கலைக்கழகத்துப் பீற்றர் மக்கோர்ட் குழுவினர், 1996இல் ஈ.ஆர்.ஏ.-1 என்னும் பரம்பரையலகு பற்றி அறிவித்தனர். அது பழுதுற்ற செடிகளின் விதைகள், ஏனைய விதைகளைத் தடுக்க இயலாத சிறிதளவு அப்சிசிக் அமிலத்துக்கே அடங்கி, முளைக்காது கிடந்தன. ஓமோனின் அளவு மட்டுமன்று, அதனை விதை உணரும் திறனும் முளைத்தலைத் தீர்மானிக்கின்றது என்பது இதனால் விளங்கிற்று.

அதே செடியில் டொக்-1 என்னும் மற்றொரு பரம்பரையலகு 2006இல் இனங்காணப்பட்டது. விதை முதிரும் நாட்களில் தாய்ச்செடி குளிரைக் கண்டிருந்தால், டொக்-1 மிகுதியாக இயங்கி, விதையின் உறக்கத்தை ஆழமாக்குகின்றது. தாய்ச்செடியில் இருக்கையில் உறக்கத்தை ஆழமாக்கும் அதே குளிர், ஈரமண்ணில் கிடக்கையில் உறக்கத்தைக் கலைக்கின்றது.

சில விதைகள் எத்துணை காலம் பொறுத்திருக்கும் என்பதற்கு அயல் மாநிலமான மிச்சிகன் சான்று. 1879இல் வில்லியம் பீல் என்னும் பேராசிரியர் விதைகளை மணலுடன் கலந்து, போத்தல்களில் இட்டுப் புதைத்தார். 2021இல் தோண்டியெடுத்த போத்தலில் இருந்த விதைகளுள் சில, 142 ஆண்டுகளின் பின்னர் முளைத்தன. மேப்பிள் விதைகளுக்கு அத்தனை நீண்ட ஆயுள் இல்லை.

மார்கழியில் ஆச்சியின் சட்டியைக் கிளறி ஒன்பது விதைகளை எடுத்தோம். ஈரமணலுடன் பொலித்தீன் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தோம். உறைய வைக்கும் மேல்தட்டு ஆகாது. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காக இரண்டாவது குளிர்காலத்தையும் கழித்துக்கொண்டிருந்த அவர், கடிதப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பையையும் ஒருமுறை பார்ப்பார்.

பங்குனி நடுப்பகுதியில் நான்கு விதைகளில் வெண்ணிற வேர்கள் நீண்டிருந்தன. ஆச்சி அவற்றைச் சட்டியில் நட்டார். மற்ற ஐந்தையும் மீண்டும் பையில் இட்டு, குளிருக்குள் வைத்தார்.