கண்ணில் படாத கைவேலை

1964-ல் அமெரிக்காவின் பாண்டியாக் நிறுவனம், நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காரில் பெரிய கார்களுக்கான 6.4 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி, ஜிடிஓ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. 'மஸில் கார்' மோகம் அங்கிருந்துதான் பற்றிக்கொண்டது. கமாரோ, செவெல், ரோட் ரன்னர் என்று அடுத்த சில ஆண்டுகளில் வரிசையாக வந்த அந்தக் கார்களை இன்றும் அமெரிக்கர்கள் தேடி வாங்கி, மொத்தமாகப் பிரித்து, புது எஞ்சினும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் பூட்டி ஓட்டுகிறார்கள். உள்ளே செய்யும் மாற்றங்களைப் பற்றி அவர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. வெளித்தோற்றத்தில் எவ்வளவு கைவைக்கலாம் என்பதில்தான் இரண்டு கட்சி. ஒரு சாரார் பழைய உருவத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்னொரு சாரார், கண்காட்சி அரங்கில் பத்துக் கார்களுக்கு நடுவே தங்கள் கார் தனித்துத் தெரிய வேண்டும் என்று செதுக்குகிறார்கள். நான் முதல் கட்சி. அடக்கமான வேலைக்குத்தான் கூடுதல் திறமை வேண்டும், அதுதான் நீண்ட நாள் நிற்கிறது என்பது என் எண்ணம்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையிலான சந்து ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் குறுகலாகவும் இருந்தது. பம்பர் பாடியோடு ஒட்டாமல் தள்ளி நின்றது. நல்ல டிங்கர், கதவின் விளிம்பில் உலோகத்தைப் பற்றவைத்து அராவி, அந்தச் சந்தை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக்குகிறார். பம்பரை வெட்டிக் குறுக்கி, பாடியின் வளைவுக்கு ஏற்றபடி தட்டி, போல்ட் துளைகளை அடைத்து, மறுபடி குரோம் பூசுகிறார். பின்சக்கரக் கூட்டை உட்புறமாக மட்டும் அகலப்படுத்தி, வெளிப்புறக் கோடு மாறாமலே அகலமான டயரை உள்ளே நுழைக்கிறார். பார்ப்பவருக்குக் கார் அழகாக இருப்பது தெரியும், எது மாறியது என்று சொல்லத் தெரியாது. பளபளக்கும் கறுப்புப் பெயிண்டின் கீழ், பட்டி பார்த்ததில் விட்ட சிறு நெளிவுகூட வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய ஸ்பாய்லரும் பல வண்ணக் கோடுகளும் கண்ணை வேறு பக்கம் இழுத்துவிடுவதால் அங்கே குறை ஒளிந்துகொள்ள இடமுண்டு.

காலம் சொல்லும் சாட்சியும் இதே பக்கம்தான். 1980-களில் அங்கே 'புரோ ஸ்ட்ரீட்' என்ற பாணி கொடிகட்டிப் பறந்தது. பானட்டைத் துளைத்துக்கொண்டு மேலே எழும் சூப்பர்சார்ஜர், பின்னால் பந்தய டயர், வெளிர்நிறக் கோலங்கள். அவற்றில் பல, சாலையில் ஓட்டவே தோதில்லாத கார்கள். இன்று ஒன்றைப் பார்த்தால் முதலில் தெரிவது அதன் பத்தாண்டுதான், கார் அதற்குப் பிறகே தெரியும். மாறாக, 1969-ல் செவர்லே 69 எண்ணிக்கையில் மட்டும் தயாரித்த இசட்எல்1 கமாரோவைப் பாருங்கள். முழுக்க அலுமினியத்தாலான 7 லிட்டர் எஞ்சின். வெளியிலோ சாதாரண எஃகுச் சக்கரமும் சிறு மூடியும்தான். செவர்லே தன் வேகக் கார்களில் ஒட்டும் எஸ்எஸ் சின்னம்கூடக் கிடையாது. அன்று அதிக விலையால் விற்கத் திணறிய அந்தக் கார்தான் இன்று சேகரிப்பாளர்களின் கனவு.

மஸில் கார் பிறவியிலேயே ஆர்ப்பாட்டமானதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆரஞ்சுச் சாயல் சிவப்பில் வந்த ஜிடிஓ ஜட்ஜும், டாட்ஜின் ஊதா நிறமும் அடக்கத்துக்குப் பேர்போனவை அல்ல. 1970 பிளிமத் சூப்பர்பேர்டின் பின்னால் உயரமான இறக்கையே நின்றது. ஆனால் அந்த இறக்கை நாஸ்கார் பந்தயத்தில் அதிவேகத்தில் காரைத் தரையோடு அழுத்துவதற்காக வந்தது. அந்த நிறங்கள் அந்தக் காரோடு பிறந்தவை. ஊதா காரை ஊதாவாகவே மீட்பதை நானும் அடக்கமான வேலை என்றுதான் சொல்வேன். காரில் இல்லாத கோட்டை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும்போதுதான் உருவம் குழம்புகிறது.

பரிசு வாங்க வேண்டுமானால் கண்ணைப் பறித்தாக வேண்டும் என்பது இன்னொரு வாதம். டெட்ராய்ட் ஆட்டோராமாவில் தரப்படும் ரிட்லர் விருது இத்துறையின் உச்சப் பரிசு. 2015-ல் அதை வென்றது வடிவமைப்பாளர் சிப் ஃபூஸ் உருவாக்கிய 1965 இம்பாலா. கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் சேஸ் மீது நிற்கும் அந்தக் கார், ஒரு பார்வைக்குப் பழைய இம்பாலாவாகவே தெரியும். அருகில் போனால்தான் எத்தனை தகடு புதிதாக அடிக்கப்பட்டிருக்கிறது என்று பிடிபடும். உழைப்பை நடுவர்களால் அடையாளம் காண முடிகிறது. கண்காட்சிக் கார்களால் பெயிண்டிங்கிலும் உலோக வேலையிலும் நுட்பங்கள் வளர்ந்தன என்பதையும் மறுக்க மாட்டேன். அந்த இம்பாலாவே அவற்றின் வாரிசு.

என் கார், என் பணம், நீ யார் கேட்க என்பவருக்குச் சொல்ல ஒன்று உண்டு. 1969-ல் அச்சில் அடித்த எஃகு பாடிகளில் துருவுக்குத் தப்பியவை கொஞ்சம்தான். வெட்டியதை அதே பழைய தகடாக மீட்க முடியாது. ஆனால் டைனாகார்ன் நிறுவனம் முதல் தலைமுறை கமாரோவுக்கும் மஸ்டாங்குக்கும் புத்தம்புது பாடிகளையே செய்து விற்கிறது. எவ்வளவு துணிச்சலான கற்பனையையும் அந்தப் புதுத் தகட்டில் வெட்டி ஒட்டிப் பார்க்கலாம், பழைய கார் ஒன்றுகூடக் குறையாது.