அடுத்த ஜனாதிபதி யார்? சங்கரன்கோவில் ஓட்டுக்கு மதிப்பு 176!

டெல்லியில் ஒரு மாளிகை. அதில் 340 அறைகள்! அடுத்தபடியாக அங்கே குடியேறப் போகிறவர் யார்?

ஜனாதிபதி தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி பிறந்துவிடும். டீக்கடை பெஞ்சில் ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் "அதெல்லாம் இல்லை, இன்னார்தான்" என்று அடித்துப் பேசுவார். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. தறிக் கொட்டகையிலும் உண்டு.

கடைசியில் ஒருவர் எழுந்து, "விடுங்க அண்ணாச்சி! நாமளா ஓட்டுப் போடப் போறோம்?" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உண்மையில் அங்கேதான் பேச்சு ஆரம்பமாக வேண்டும். ஏனென்றால், அந்தத் தேர்தலில் சங்கரன்கோவிலுக்கும் ஓட்டு இருக்கிறது!

யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

ஜனாதிபதியைப் பொது மக்கள் நேரடியாகத் தேர்ந்து எடுப்பது இல்லை. மக்கள் தேர்ந்து எடுத்த எம்.எல்.ஏ.க்களும், பார்லிமெண்டின் இரண்டு சபை எம்.பி.க்களும் சேர்ந்து தேர்ந்து எடுக்கிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கு இதில் ஓட்டு இல்லை.

எல்லா எம்.எல்.ஏ.க்களின் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. மாநிலத்தின் ஜனத்தொகையைப் பொறுத்து மதிப்பு மாறும்.

கணக்கு மிகவும் சுலபம். 1971-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 4 கோடியே 11 லட்சத்து 99 ஆயிரத்து 168 பேர் இருந்தார்கள். அதை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையான 234-ஆல் வகுக்க வேண்டும். வருவதை மறுபடியும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது 176.

சங்கரன்கோவில் எம்.எல்.ஏ. போடும் ஓர் ஓட்டு, 176 ஓட்டுக்குச் சமம்! தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், ஆலங்குளம் ஆகிய தொகுதிகளையும் சேர்த்தால் தென்காசி மாவட்டத்துக்கு 880 ஓட்டுகள்.

உத்தரபிரதேச எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 208. சின்னஞ்சிறு சிக்கிமில் அது வெறும் 7.

எம்.பி.க்களின் ஓட்டு மதிப்பு 2022-ம் ஆண்டுத் தேர்தலில் 700 ஆக இருந்தது. சங்கரன்கோவில் மக்கள் தென்காசி பார்லிமெண்டுத் தொகுதிக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள். ஆகவே அந்த 700-லும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

காலியாக இருந்த நாற்காலி

2011-ம் ஆண்டு சங்கரன்கோவிலில் வெற்றி பெற்ற சொ. கருப்பசாமி, அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் காலமானார். தொகுதி காலியாயிற்று. 2012 மார்ச் 18-ந் தேதி இடைத்தேர்தல் நடந்தது. அ.தி.மு.க. வேட்பாளர் முத்துச்செல்வி வெற்றி பெற்றார்.

நான்கே மாதத்தில் ஜனாதிபதி தேர்தல் வந்தது. பிரணாப் முகர்ஜியும் பி.ஏ. சங்மாவும் மோதினார்கள். சங்மாவை அ.தி.மு.க. ஆதரித்தது. பிரணாப் முகர்ஜி ஜெயித்தார்.

இடைத்தேர்தல் மட்டும் தள்ளிப்போயிருந்தால், அந்த ஜனாதிபதி தேர்தலில் சங்கரன்கோவிலின் 176 ஓட்டுகள் இல்லாமலே போயிருக்கும்!

ஊகம் பலித்ததா?

சரி, யார் வருவார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? பழைய கதைகளைப் பார்ப்போம்.

1969-ம் ஆண்டு. ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே மரணம் அடைந்தார். காங்கிரஸ் தலைவர்கள் பெங்களூரில் கூடினார்கள். காமராஜர் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்து எடுத்தார்கள். ஆளுங்கட்சியின் வேட்பாளர் அல்லவா? அவர்தான் ஜனாதிபதி என்று பலரும் நினைத்தார்கள்.

துணை ஜனாதிபதியாக இருந்த வி.வி. கிரி ராஜீனாமா செய்துவிட்டு, சுயேச்சையாகக் குதித்தார். "மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்றார் பிரதம மந்திரி இந்திரா காந்தி. தமிழ்நாட்டில் ஆட்சியில் இருந்த தி.மு.க.வும் கிரியை ஆதரித்தது.

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணினார்கள். கிரிக்கு 4,20,077. ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் 14,650 தான்! தி.மு.க. ஓட்டுகள் திசை மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

தோற்ற சஞ்சீவ ரெட்டியின் கதை அதோடு முடிந்ததா? இல்லை. 1977-ம் ஆண்டு 37 பேர் மனுக் கொடுத்தார்கள். 36 மனுக்கள் தள்ளுபடி ஆயின. போட்டி இல்லாமலே ரெட்டி ஜனாதிபதி ஆனார்!

வகுப்பறையில் இருந்து மாளிகைக்கு

2002-ம் ஆண்டுக் கதை தமிழர்கள் மறக்க முடியாதது.

அப்போது பி.சி. அலெக்சாண்டரின் பெயர் அடிபட்டது. கிருஷ்ணகாந்தின் பெயர் அடிபட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு இருந்த ராமேசுவரத்துக்காரரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 10-ந் தேதி பிரதம மந்திரி வாஜ்பாயிடம் இருந்து டெலிபோன் வந்தது. அப்துல் கலாம் யோசிக்க அவகாசம் கேட்டார். பிறகு சம்மதித்தார்.

எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். கேப்டன் லட்சுமி!

கலாமுக்கு 9,22,884 ஓட்டுகள். லட்சுமிக்கு 1,07,366 ஓட்டுகள்.

2007-ல் யார் யாரையோ சொன்னார்கள். ராஜஸ்தான் கவர்னராக இருந்த பிரதிபா பாட்டீல் வந்தார். முதல் பெண் ஜனாதிபதி அவர்தான். 2017-ல் அத்வானியின் பெயர் பேசப்பட்டது. பீகார் கவர்னர் ராம்நாத் கோவிந்த் வந்தார். அந்தத் தடவை திரௌபதி முர்முவின் பெயரும் பேசப்பட்டது, ஆனால் கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2022-ல், அவரே வந்தார். பழங்குடி இனத்தில் இருந்து வந்த முதல் ஜனாதிபதி அவர்.

வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 2022-ல் எதிர்க்கட்சிகள் சரத் பவாரைக் கேட்டன. பரூக் அப்துல்லாவைக் கேட்டன. ராஜாஜியின் பேரன் கோபாலகிருஷ்ண காந்தியையும் கேட்டன. மூவரும் மறுத்துவிட்டார்கள். பிறகுதான் யஷ்வந்த் சின்கா நின்றார்.

மாளிகைக்குப் போகும் வழிகள்

முர்மு பதவி ஏற்றது 2022 ஜூலை 25-ந் தேதி. ஐந்து ஆண்டுக் காலம் 2027 ஜூலையில் நிறைவு பெறுகிறது. அதற்கு முன்பே தேர்தல் நடந்தாக வேண்டும். 1977-ல் இருந்து பதவி ஏற்ற பத்து ஜனாதிபதிகளும் ஜூலை 25-ந் தேதியிலேயே பதவி ஏற்று இருக்கிறார்கள். சங்கரன்கோவிலில் அது ஆடி மாதம். கோமதி அம்மனின் தபசுத் திருவிழா வருகிற மாதம்!

யார் வரலாம்? பெயரைவிட வழியைப் பார்ப்பது நல்லது.

முதல் வழி, துணை ஜனாதிபதி பதவி. ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், கிரி, வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, நாராயணன் ஆகிய ஆறு பேர் இந்த வழியில் வந்தவர்கள். இதனால்தான் திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் பெயரைத் தமிழ்நாட்டில் பலர் நினைப்பது இயற்கை. அவர் 2025 செப்டம்பர் 12-ந் தேதி துணை ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். கோவையில் இருந்து இரண்டு முறை எம்.பி. ஆனவர்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1997-ல் நாராயணன் ஜெயித்த பிறகு, 2022 வரை எந்தத் துணை ஜனாதிபதியும் ஜனாதிபதி ஆகவில்லை. 2007-ல் நின்ற பைரோன்சிங் செகாவத் தோற்றுப்போனார். அந்தக் கதவு 25 ஆண்டுகள் திறக்கவே இல்லை!

இரண்டாவது வழி, கவர்னர் பதவி. பாட்டீல், கோவிந்த், முர்மு மூவரும் கவர்னராக இருந்தவர்கள்.

மூன்றாவது வழி, மந்திரி பதவி. ஜெயில்சிங்கும் பிரணாப் முகர்ஜியும் மத்திய மந்திரியாக இருந்தபோதே வேட்பாளராக அறிவிக்கப்பட்டார்கள்.

நான்காவது, இருக்கிறவரே மறுபடியும் வருவது. சட்டத்தில் தடை இல்லை. ஆனால் இரண்டு முறை தேர்ந்து எடுக்கப்பட்டவர், முதல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் ஒருவர்தான்.

ஐந்தாவது, யாரும் எதிர்பாராத வழி. அதில் வந்தவர் கலாம்.

எந்த வழியில் வந்தாலும் எண்ணிக்கை வேண்டும். 2022-ல் மொத்த மதிப்பு 10,86,431. அதில் பாதி எம்.பி.க்களிடம், பாதி எம்.எல்.ஏ.க்களிடம். ஆகவே டெல்லியில் பெரிய கட்சியாக இருந்தால் மட்டும் போதாது. மாநிலங்களின் தயவும் வேண்டும்.

பெட்டிக்கும் விமான டிக்கெட்!

இந்தத் தேர்தலில் சின்னம் கிடையாது. பெயருக்கு எதிரே 1, 2 என்று விருப்பத்தை எழுத வேண்டும். எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு. எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. சொந்தப் பேனாவால் எழுதக் கூடாது. தேர்தல் கமிஷன் கொடுக்கும் ஊதா மைப் பேனாவால்தான் எழுத வேண்டும்.

ஓட்டு ரகசியமானது. "இவருக்குத்தான் போட வேண்டும்" என்று கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது.

2022-ல் ஓட்டுப் பெட்டிகளுக்கு விமானத்தில் தனி டிக்கெட் வாங்கினார்கள். டிக்கெட்டில் என்ன பெயர் தெரியுமா? "திருவாளர் ஓட்டுப் பெட்டி"! முன் வரிசை இருக்கையில், அதிகாரிக்குப் பக்கத்தில், பெட்டி ஜம்மென்று டெல்லிக்குப் பயணம் செய்தது.

நமக்கு என்ன லாபம்?

"ஜனாதிபதி கையெழுத்துத்தானே போடுகிறார்?" என்று கேட்கலாம்.

தூக்குத் தண்டனைக் கைதியின் கருணை மனு, கடைசியாகப் போவது ஜனாதிபதியிடம். யாருக்கும் மெஜாரிட்டி இல்லாதபோது, ஆட்சி அமைக்க யாரை அழைப்பது என்று யோசிப்பவர் ஜனாதிபதி. பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்த வெங்கட்ராமன், தம் ஐந்து ஆண்டில் மூன்று பிரதம மந்திரிகளுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்! ஆதாயம் தரும் பதவி பற்றிய மசோதாவை, மறுபடியும் யோசியுங்கள் என்று 2006-ல் திருப்பி அனுப்பினார் கலாம்.

இன்னொரு விஷயம் தமிழ்நாட்டுக்கு மிகவும் முக்கியம். ஓட்டு மதிப்புக்கு ஏன் 1971-ம் ஆண்டுக் கணக்கையே எடுக்கிறார்கள்? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்பதற்காகத்தான். 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வெளியாகும் வரை இந்த ஏற்பாடு நீடிக்கும் என்று, அரசியல் சட்டத்தின் 84-வது திருத்தம் சொன்னது.

புதிய கணக்குக்கு மாறினால் என்ன ஆகும்? இடங்களை மாற்றாமல், 2011-ம் ஆண்டு ஜனத்தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 308. உத்தரபிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 496. பழைய கணக்கில் 32 ஆக இருந்த வித்தியாசம், 188 ஆகிவிடும்! "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சொன்னதைக் கேட்டு நடந்த குடும்பங்களின் ஓட்டு, மற்ற இடத்து ஓட்டுக்கு முன்னால் சிறுத்துப்போகும்.

சங்கனும் பதுமனும்

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் வாதாடினார்கள். அப்போது அம்மன் தவம் இருந்து, இருவரும் ஒன்றே என்று காட்டும் சங்கரநாராயணர் கோலத்தைக் கண்டார் என்பது சங்கரன்கோவில் தல வரலாறு.

தேர்தல் வரையில் கட்சிகள் சங்கனும் பதுமனுமாக வாதாடலாம். ஜெயித்தவர் பதவிப் பிரமாணம் எடுத்த பிறகு, ஓட்டுப் போட்டவருக்கும் போடாதவருக்கும் அவரே ஜனாதிபதி.

அது யார்? பழைய தேர்தல்களில், பெயர் வெளியே வந்தது பெரும்பாலும் ஜூன் மாத நடுவில்தான். அதுவரை டீக்கடையில் தாராளமாக ஊகம் செய்யலாம். அதோடு உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்து, "நம்ம ஊர் 176 ஓட்டையும் யாருக்கு, எதற்காகப் போடப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஓட்டு ரகசியம்தான். காரணத்தைக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.