வெண்கரை நந்தியாவட்டை

நம் இல்லங்களின் முற்றங்கள் சுருங்கிவிட்டன. முன்னாளில் கிணற்றடியில் வாழையும் வேலியோரத்தில் செம்பருத்தியும் வளர்த்த குடும்பங்கள், இன்று சுற்றுச்சுவருக்கும் வாசற்படிக்கும் இடையேயுள்ள நாலடி மண்ணில் என்ன நடலாம் என்று யோசிக்கின்றன. அத்தகைய அன்பர்களுக்கு நான் தயங்காமல் எடுத்துரைக்கும் செடி ஒன்று உண்டு. குட்டையாய்ப் படர்ந்து, ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல், ஒவ்வோர் இலைக்கும் வெண்ணிறக் கரையிட்டு நிற்கும் நந்தியாவட்டைதான் அது.

சாதாரண நந்தியாவட்டையை அறியாதார் நம் நாட்டில் இரார். ஆள் உயரத்திற்கும் மேலே வளர்ந்து, ஐந்து இதழும் காற்றாடிபோல் ஒருபுறம் திரும்பிய வெள்ளைப் பூக்களைச் சொரியும். அடுக்கு நந்தியாவட்டையும் உண்டு. நான் கூறும் குட்டை வகையோ இரண்டு, மூன்று அடிக்குள் அடங்கிவிடும். இலை குறுகலானது. நடுவில் சாம்பல் கலந்த பச்சை, ஓரத்தில் பாலேட்டு வெண்மை. கரை வேட்டியை மடித்து வைத்தாற்போன்ற தோற்றம். பூவும் சிறிதாகப் பூக்கும். ஆயினும் இதைப் பூவுக்காக வளர்ப்பாரில்லை. இலைதான் இதன் அழகு. நாற்றுப்பண்ணைக்காரர்கள் இதனை ‘மினியேச்சர்’ என்றும் ‘வேரிகேட்டட்’ என்றும் பலவாறு அழைப்பதால், பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குவதே நலம்.

இச்செடியின் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர், மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலை 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியிடச் செய்தார். அப்பணியின் தொடக்கத்தில் அவருக்குத் துணை நின்றவர் இத்தாலி நாட்டுக் கார்மேல் சபைத் துறவியான மத்தேயு அடிகளார். அந்நூலில் நந்தியாவட்டை தன் மலையாளப் பெயருடனேயே இடம்பெற்றது. அப்பெயரிலிருந்தே பிற்காலத் தாவர நூலார் ‘எர்வடாமியா’ என்னும் பெயரை ஆக்கினர். பழைய புத்தகங்களில் அதைக் காணலாம். இப்போது வழங்கும் ‘டாபர்னேமொன்டானா’ என்பது 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஜெர்மானிய மருத்துவரை நினைவுகூரும் பெயர். நம் வாயில் நுழைவது என்னவோ நந்தியாவட்டைதான்!

இனி என் சொந்த அனுபவத்திற்கு வருகிறேன். 2009-இல் நாங்கள் இப்போதுள்ள வீட்டிற்குக் குடிவந்தபோது, என் அக்காள் தம் தோட்டத்திலிருந்து இச்செடியின் குச்சி ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தம் கையாலேயே வாசலருகில் நட்டார். நான்கு ஆண்டுகள் அது ஒழுங்காக வளர்ந்தது. 2013-இல் அதன் அடிப்பகுதியிலிருந்து வெண்கரை சிறிதும் இல்லாத, முழுப் பச்சையான ஒரு கிளை கிளம்பிற்று. மற்றக் கிளைகள் ஒரு விரற்கடை வளர்வதற்குள் அது ஒரு சாண் வளர்ந்தது. செடிக்கு நல்ல ஊட்டம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, அதற்குக் கூடுதலாக உரமும் இட்டேன். என் அறியாமையை என்னென்பது! அடுத்த இரண்டே ஆண்டுகளில் பச்சைக் கிளைகள் குடைபோல் கவிந்து வெண்கரைக் கிளைகளை மூடிவிட்டன. அவை ஒவ்வொன்றாய்க் காய்ந்தன. 2015-இன் முடிவில் எங்கள் வாசலில் நின்றது வெறும் பச்சை நந்தியாவட்டை. மறு ஆண்டு அக்காள் காலமானார். அவர் வீடு கைமாறியது. தோட்டம் இருந்த இடத்தில் கற்பலகை பாவிவிட்டார்கள்.

இவ்வாறு நேர்ந்தது ஏன் என்று பின்னர்தான் படித்தறிந்தேன். இலையோரத்து வெண்மை ஒரு சாயமன்று. அங்கே பச்சையம் இல்லை என்பதே பொருள். பச்சையம் இல்லாத இடத்தில் செடி தனக்கான உணவைச் சமைக்க இயலாது. வெள்ளை விளிம்புடைய செடிகள் பெரும்பாலானவற்றில் தளிர் நுனியே இருவகை உயிரணுக்களால் ஆனது. கொழுக்கட்டையை எண்ணிப் பாருங்கள்: வெளியே வெள்ளை மாவு, உள்ளே பூரணம். அதுபோலவே பச்சையம் உண்டாக்க இயலாத உயிரணுக்கள் ஒரு போர்வையாக மேலே அமைய, பச்சையம் உள்ளவை அடியில் இருக்கின்றன. இலையின் ஓரம் மேலடுக்கிலிருந்தும், நடுப்பகுதி உள்ளடுக்கிலிருந்தும் உருவாவதால் கரை போட்ட இலை கிடைக்கிறது. எர்வின் பவுர் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெள்ளை விளிம்புள்ள ஜெரேனியச் செடிகளை ஆராய்ந்து 1909-இல் இவ்வுண்மையை விளக்கினார்.

மாவு எங்கேனும் கிழிந்தால் பூரணம் வெளிவருவதில்லையா? அங்ஙனமே உள்ளடுக்கு மட்டும் தனித்து ஒரு மொட்டை உருவாக்கினால் முழுப் பச்சைக் கிளை பிறக்கிறது. முழு இலையாலும் உணவு சமைப்பதால் அதன் வளர்ச்சி விரைவு, நிழலும் அதிகம். வெண்கரைக் கிளை அதனோடு போட்டியிட இயலாது. சில வேளைகளில் இதற்கு மாறாக முழு வெள்ளைத் தளிரும் தோன்றும். பார்ப்பதற்கு அது மிக அழகு. ஆனால் தன் உணவைத் தானே தேட மாட்டாமல் தாய்ச்செடியை அண்டியே வாழும். குச்சியாக நட்டால் பிழைக்காது.

ஆகவே இச்செடியை வளர்ப்போர் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்றே. முழுப் பச்சைக் கிளையைக் கண்ட அன்றே அகற்றிவிட வேண்டும். நுனியை மட்டும் கிள்ளினால் பயனில்லை. வெட்டிய இடத்திற்குக் கீழிருந்து பல பச்சைக் கிளைகள் வெடிக்கும். அது எங்கிருந்து புறப்பட்டதோ அந்த மூலம் வரை விரலால் தடவிச் சென்று, தாய்க்கிளையோடு ஒட்ட வெட்டுக. மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியிருந்தால் மண்ணைச் சற்றே விலக்கிவிட்டு வெட்டுக. மாதம் ஒருமுறை செடியின் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்கும் பழக்கம் போதும். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பச்சைக் கிளை தாமதமாகத்தான் தென்படும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

மற்றப் பராமரிப்பு எளிது. காலை வெயில் படும் இடம் மிக ஏற்றது. சித்திரை, வைகாசி நண்பகல் வெயிலில் வெள்ளை ஓரம் கருகும். இருண்ட நிழலிலோ கிளைகள் நெட்டையாய் ஒடுங்கி, இலைகளும் சோபை இழக்கும். செம்மண், மணல், நன்கு மட்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்த மண்ணில் நடலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தொட்டியாயின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்க. உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். இயல்பாகவே மெல்ல வளரும் செடி இது. கொழுத்த இளந்தளிரில் மாவுப்பூச்சி வந்து அப்பும். எறும்பு ஊர்ந்தால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று ஐயுறலாம். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் நீங்கும்.

ஒரு நாள் காலையில் செடியின் பாதி இலைகள் காணாமற்போயிருக்கக் கண்டால் அண்டை வீட்டு ஆட்டின்மேல் பழி போடாதீர்கள். அரளியையும் இதையும் தின்று வாழும் ஒரு பெரிய விட்டிலின் புழு உண்டு. விரற்பருமன், பச்சை நிறம், வாலில் சிறு கொம்பு, தலைக்குப் பின்னால் விழித்துப் பார்ப்பதுபோன்ற இரண்டு நீலப் புள்ளிகள். சிறுவர்கள் அஞ்சுவர், ஆனால் அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கையால் எடுத்து அப்புறப்படுத்திவிடலாம். நான் மருந்து அடிப்பதில்லை. அது பச்சையும் இளஞ்சிவப்புமாய்ப் பளிங்குக்கோலம் போட்ட சிறகோடு வெளிவருவதைக் கண்டவருக்கு நான்கு இலை பெரிதாகத் தோன்றாது.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. கிளையை ஒடித்தால் வடியும் பால் நச்சுத்தன்மை வாய்ந்தது. வெட்டியபின் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடலாகாது. குழந்தைகள் இலையை வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நந்தியாவட்டைப் பூ கண்ணுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனினும் மருத்துவரைக் கேளாமல் கண்ணில் எதையும் பிழிந்துவிடாதீர்கள்.

இச்செடியை விதையால் பெருக்க முடியாது. விதை ஒரே ஓர் உயிரணுவிலிருந்து தோன்றுவதால், மாவும் பூரணமுமான அந்த அடுக்கு விதைக்குள் செல்வதில்லை. குச்சி நடுவதே வழி. மழைக்காலத்தில், கரை தெளிவாக உள்ள கிளையில் நாலைந்து அங்குலம் கணுவுக்குக் கீழே வெட்டி, பாலைக் கழுவி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் ஐந்தாறு வாரங்களில் வேர் பிடிக்கும். மூன்று நட்டால் ஒன்றாவது தப்பும்.

2012-இல் எங்கள் செடியிலிருந்து ஒரு குச்சியை, தெருக்கோடி வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு என் மனைவி கொடுத்திருந்தாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. 2018-இல் ஒரு நாள் அவர் வீட்டு வாசலைக் கடக்கையில், இடுப்பளவு உயரத்தில் வெண்கரை மாறாமல் நின்ற புதரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். “பச்சைக் கிளை வந்தால் உடனே வெட்டிவிடுங்கள் என்று உங்கள் அக்காள்தானே ஒருமுறை இங்கே வந்தபோது சொன்னார்?” என்றார் அம்மையார். எங்களிடம் அவர் சொல்லவில்லையா, அல்லது நான்தான் காதில் வாங்கவில்லையா, அறியேன். அன்று மாலையே ஆறு குச்சிகள் வாங்கிவந்தேன். நான்கு வேர் பிடித்தன. இரண்டு எங்கள் வாசலில் நிற்கின்றன. மற்ற இரண்டை அக்காளின் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன், சொல்ல வேண்டியதையும் சொல்லி.