மழலையர் உண்கலமும் மாறும் படங்களும்

மக்கட்பேற்றைப் பெருஞ்செல்வமாகப் போற்றுவது தமிழர் மரபு. சிறு குழந்தை கலத்திலுள்ள சோற்றைத் துழாவியும் சிதறியும் உண்ணும் காட்சியைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றுள் பாடியுள்ளான். பிள்ளைத்தமிழ் நூல்களில் நிலவை விளையாட அழைப்பதற்கென்றே அம்புலிப் பருவம் என ஒரு பருவம் வகுக்கப்பட்டுள்ளது. முற்றத்தில் நின்று நிலவைக் காட்டிச் சோறூட்டும் வழக்கமோ நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வருவது. கண்ணுக்கு ஒரு காட்சி இருப்பின் குழந்தையின் வாய் தானே திறக்கும் என்பதைத் தாயர் நன்கு அறிந்திருந்தனர்.

இக்காலத்தில் நிலவின் இடத்தைப் பல வீடுகளில் கைப்பேசி பற்றிக்கொண்டது. திரையில் கண் பதித்த குழந்தை, தான் உண்பது யாது என்றும், எவ்வளவு என்றும் அறியாமலே விழுங்குகின்றது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரை வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அங்ஙனமாயின், உண்ணும் குழந்தையின் கண்ணுக்கு எதனைக் காட்டுவது? உண்கலத்திலேயே படம் அமைத்தல் இவ்வினாவிற்கு ஒரு விடையாகும்.

கலத்தில் படம் தீட்டுவது புதுமையன்று. ஆயினும், பன்னூறு கலங்களில் ஒரே படத்தை விரைவாகப் பதிக்கும் முறை பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பரவிற்று. இங்கிலாந்து நாட்டு லிவர்ப்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர், செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தைத் தாளில் ஒற்றி, அத்தாளிலிருந்து மண் ஓடுகளில் பதித்தனர். ஆறு மணி நேரத்தில் 1200 ஓடுகளுக்கு மேல் அச்சிட்டதாக அவர்கள் 1756ஆம் ஆண்டில் உறுதிமொழி அளித்தனர். அடுத்த நூற்றாண்டில் அந்நாட்டுக் குயவர்கள் விளிம்பில் நெடுங்கணக்கும் நடுவில் படமும் அமைந்த சிறு தட்டுகளைக் குழந்தைகளுக்கெனச் செய்தனர். 1934ஆம் ஆண்டில் ராயல் டூல்டன் என்னும் புகழ்பெற்ற பீங்கான் தொழிலகம், முயல்கள் ஆடை அணிந்து உலவும் படங்கள் கொண்ட குழந்தைக் கலங்களை வெளியிட்டது. அம்முயல்களை வரைந்தவர் கன்னிமாடத்தில் வாழ்ந்த பார்பரா வெர்னன் என்னும் துறவி. அத்தொழிலகத்து மேலாளரின் மகளாவார்.

இக்கலங்கள் அழகியவையே. எனினும், அவற்றில் ஒரு குறை உண்டு. பீங்கானில் பதித்த படம் சூளையில் சுடப்பட்டுக் கலத்தோடு ஒன்றிவிடுகின்றது. பின்னாளில் வந்த மெலமின் தட்டிலும் அவ்வாறே. சூடான அச்சில் மெலமின் பொடியை அழுத்தித் தட்டாக்கி, அச்சைத் திறந்து, படம் அச்சிட்ட தாளை அதன்மேல் இட்டு, மீண்டும் அழுத்துவர். தாளும் தட்டும் ஒன்றாகிவிடும். ஆனால், குழந்தையின் மனம் ஓரிடத்தில் நிற்பதன்று. இன்று யானையை விரும்பும் குழந்தை நாளை புகைவண்டியைக் கேட்கும். படம் சலித்தபின் நல்ல தட்டும் பரண் ஏறுகின்றது. ஆகவே, கலம் நிலைத்திருக்கவும் படம் மட்டும் மாறவும் வழி உண்டோ என வடிவமைப்போர் எண்ணலாயினர்.

இக்கருத்தை விளக்கச் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிங்கப்பெருமாள் கோவில் மிகப் பொருத்தமான ஊராகும். அங்குள்ள பாடலாத்திரி நரசிங்கப் பெருமாள் கோவில் குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட குடைவரையாகும். இறைவன் திருவுருவமும் குன்றும் வேறல்ல. அதனால் பெருமாளை வலம் வர விரும்புவோர் குன்றையே வலம் வருகின்றனர். உருவமும் அதனைத் தாங்கும் பொருளும் பிரிக்கவியலாதபடி ஒன்றியிருப்பதற்கு இஃது ஒரு சான்று. அவ்வூரிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் ஒரகடம் உள்ளது. அங்கே உந்துவண்டித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அத்தொழிற்சாலைகளின் உயிர்நிலையான கோட்பாடோ இதற்கு மாறானது. ஓர் உறுப்பு பழுதுற்றால் அதனைக் கழற்றி, அதே அளவுள்ள வேறோர் உறுப்பை மாட்டிவிடலாம். பிரான்சு நாட்டு ஓனோரே பிளாங்க் என்பவர், துப்பாக்கிப் பூட்டின் உறுப்புகளைக் குவியலிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துப் பொருத்திக் காட்டிய செய்தி 1785ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. அன்று படைக்கலத்திற்குப் பயன்பட்ட அக்கோட்பாடே இன்று பாலகர் உண்கலத்திற்கும் பயன்படுகின்றது.

உந்துவண்டிக்கு வேண்டிய பிளாஸ்டிக் உறுப்புகளை வார்க்கும் முறையிலேயே உண்கலத்தையும் வார்க்கலாம். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, எஃகு அச்சினுள் பேரழுத்தத்தோடு செலுத்துவர். அச்சு குளிர்விக்கப்படுவதால் உருகிய பொருள் சில நொடிகளில் இறுகிக் கலமாக வெளிவரும். இம்முறையில் பெருஞ்செலவு அச்சிற்கே ஆகும். அச்சு ஒன்று செய்யப் பல இலட்சம் ரூபாய் வேண்டும். படம் அச்சிடவோ சில ரூபாய் போதும். எனவே, கலத்தின் வடிவத்தை ஒன்றாக வைத்துப் படத்தை மட்டும் மாற்றுவது செய்வோர்க்கும் வாங்குவோர்க்கும் சிக்கனமாகும்.

இனி, அத்தகைய கலத்தை எவ்வாறு அமைப்பது எனக் காண்போம். படத்தை மேலே வைத்துத் தெளிந்த மூடியால் மூடலாம் எனச் சிலர் முதலில் எண்ணக்கூடும். அது பிழையாகும். மூடியின் இணைப்பு உணவு படும் பக்கத்தில் அமையும். அவ்விடுக்கில் பருப்பும் நெய்யும் புகுந்து தங்கி, நோய்க்கிருமிகளுக்கு உறைவிடமாகும். ஆதலால், உணவு படும் மேற்பரப்பு இணைப்பே இல்லாத ஒரே தெளிந்த பரப்பாக இருத்தல் வேண்டும். படம் கீழ்ப்புறத்திலிருந்து செருகப்பட வேண்டும். அதன்கீழ் அடிமூடி ஒன்றைச் சிறிது திருகி மூட வேண்டும். இரண்டிற்கும் இடையே சிலிக்கோன் வளையம் ஒன்று இருப்பின் கழுவும் நீர் உட்புகாது. படத்தை வெறுந்தாளில் அச்சிடாமல் நீர் படினும் கெடாத மெல்லிய தகட்டில் அச்சிடுதல் நன்று.

எவர்சில்வர் கலத்தையே விரும்பும் நம் இல்லத்தார், எஃகுத் தட்டில் தெளிந்த பிளாஸ்டிக் பரப்பைப் பொருத்தினால் என்ன என வினவலாம். வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்பதை நாம் அறிவோம். ஆனால், எல்லாப் பொருளும் ஒரே அளவில் விரிவதில்லை. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு 60 பாகை செல்சியசு அளவிற்குச் சூடேறினால், எஃகு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் விரியும். பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கோ ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் விரியும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வர, இணைப்புத் தளர்ந்து நீர் கசியும். ஆகவே, மேற்பரப்பையும் அடிமூடியையும் ஒரே பொருளால் செய்தல் அறிவுடைமை.

அப்பொருள் எது என்பதிலும் கவனம் வேண்டும். நம் உணவில் புளி சேர்ந்த சாம்பாரும் இரசமும் சூடாகப் பரிமாறப்படுகின்றன. மெலமின் கலத்தில் சூடும் புளிப்பும் ஒருங்கே சேரின், பார்மால்டிகைடு என்னும் தீய பொருள் சிறிதளவு உணவில் இறங்கக்கூடும். பாலிகார்பனேட்டு கண்ணாடிபோல் தெளிவானது. ஆயினும், அதில் பிசுபீனால் என்னும் பொருள் இருத்தலால், அதனாற் செய்த பாற்புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் தடை செய்தது. பாலிபுரோப்பிலீன் அத்துணைத் தெளிவுடையதன்று. எனினும், அதன் உருகுநிலை ஏறத்தாழ 160 பாகை செல்சியசு ஆதலின் கொதிக்கும் உணவும் அதனை உருக்குவதில்லை. உணவைப் பொதியும் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோகிராம் உணவிற்கு மொத்தத்தில் 60 மில்லிகிராமுக்கு மேல் பொருள்கள் இறங்கலாகாது என்பது 2018ஆம் ஆண்டு இந்திய விதி. குழந்தைக் கலம் செய்வோரும் இவ்வளவையேனும் உள்ளத்திற் கொள்ளுதல் வேண்டும்.

படத்தின் மையிலும் ஈயம் கலத்தலாகாது. உட்கொண்ட ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியோர் உடலைவிட நான்கு ஐந்து மடங்கு மிகுதியாக ஈர்த்துக்கொள்கின்றது. படம் உணவைத் தொடாது எனினும், கலம் ஒருநாள் விரிசலுறலாம். அன்றும் குழந்தைக்குத் தீங்கு நேராதிருப்பதே நல்ல வடிவமைப்பு. கழற்றும் உறுப்புகள் சிறியனவாக இருத்தலும் கூடாது. மூன்று வயதிற்குட்பட்டோர்க்கான விளையாட்டுப் பொருள்களை ஆராய்வோர், 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு உருளையினுள் அவற்றின் உறுப்புகள் அடங்குகின்றனவா எனப் பார்ப்பர். அடங்கினால் அவ்வுறுப்புத் தொண்டையில் சிக்கும் எனத் தள்ளிவிடுவர். அடிமூடி தட்டளவு அகன்றிருப்பின் இவ்வச்சம் இல்லை.

எப்படத்தை வைப்பது என்பது இறுதி வினா. வேடந்தாங்கலுக்கு வரும் கூழைக்கடாவும், ஏரிக்கரைப் பனையும், ஊர் வழியே ஓடும் மின்தொடர்வண்டியும் அப்பகுதிக் குழந்தைகள் கண்டு மகிழ்பவை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளை நாடிப் பிற மாநிலத்தாரும் வந்து வாழ்கின்றனர். அவர்தம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது போயினும் கூழைக்கடாவைத் தெரியும். படத்திற்கு மொழி வேண்டா. குழந்தை தானே கிறுக்கிய படத்தையும் தகட்டில் பதித்துச் செருகலாம்.

இங்குப் பெற்றோர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. முழுதும் உண்டாலன்றிப் படம் தெரியாது என்று அமைப்பின், அது குழந்தையைப் பசிக்கு மேல் உண்ணத் தூண்டும் கையூட்டாகிவிடும். வயிறு நிறைந்ததைக் குழந்தை தானே உணர்ந்து கையை எடுப்பது இயற்கை தந்த நல்லறிவு. அதனைக் கெடுத்தல் தகாது. ஆகவே, படத்தின் ஒரு பகுதி விளிம்பிலும் தெரியும்படி அமைத்தல் வேண்டும். உண்ணும்போது அப்படத்தைப் பற்றி அன்னை இரண்டு சொல் பேசுதல் அதனினும் வேண்டும்.

நம் வீட்டு வாயில் ஒன்றே; அதில் இடும் கோலமோ நாள்தோறும் புதிது. வாயிலை மாற்றாமலே காலையைப் புதிதாக்கும் கலையை நம் மகளிர் நெடுங்காலமாக அறிவர். அதே அறிவு உண்கலத்திலும் அமையுமாயின், கலம் நெடுநாள் நிலைக்கும். குழந்தையின் கண்ணும் கைப்பேசியினின்று மீண்டு சோற்றின்மேல் திரும்பும்.