ஆலையின் நினைவு யாருக்குச் சொந்தம்?

அரிசி ஆலை, ஐஸ் ஆலை, குடிநீர் ஏற்று நிலையம் என்று எதை எடுத்துக்கொண்டாலும், இன்று அதன் ஒரு மூலையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. கதவைத் திறந்தால் வண்ண வண்ணக் கம்பிகளுக்கு நடுவே, கையடக்கப் புத்தகம் அளவுக்கு ஒரு கருவி சிறு விளக்குகள் மினுங்க நிற்கும். பி.எல்.சி. என்று தொழிலாளர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவி அது. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எந்த வெப்பத்தில் மூட வேண்டும் என்பதை அதனுள் இருக்கும் நிரல்தான் முடிவு செய்கிறது. அந்த நிரலை ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு நகலெடுத்து வைப்பது மிகச் சாதாரணமான வேலை. அது ஏன் பெரும்பாலான சிற்றாலைகளில் நடப்பதில்லை என்பதைப் பொருளியல் படித்தவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

இந்தக் கருவிக்கு அரை நூற்றாண்டு வயது தாண்டிவிட்டது. 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், சுவரை அடைத்துக்கொண்டு நின்ற ரிலே பலகைகளுக்கு மாற்றுத் தேடியது. கார் வடிவம் மாறும்போதெல்லாம் அந்தப் பலகைகளின் கம்பிகளைப் பிரித்து மறுபடியும் இணைக்க வேண்டியிருந்தது. டிக் மார்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மோடிகான் 084 என்ற கருவி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. கம்பியை மாற்றாமல் நிரலை மாற்றினால் போதும் என்றாயிற்று. அதுவரை கண்ணால் பார்த்துத் தொட்டுப் பழுது நீக்கக்கூடியதாக இருந்த ஆலையின் அறிவு, அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கோப்பாக மாறிவிட்டது. கம்பி காணாமல் போகாது, கோப்பு போகும்.

எப்படிப் போகும் என்பதற்கு எங்கள் பகுதியிலேயே ஓர் உதாரணம் உண்டு. காரைக்காலின் வடக்கு ஓரத்தில், தரங்கம்பாடி செல்லும் சாலையில் உள்ள பூவம் கடலை ஒட்டிய ஊர். உப்புக் காற்று இரும்பை மட்டுமல்ல, மின்னணுப் பலகைகளையும் தின்னும். என்னிடம் படித்த ஒருவர் இவ்வட்டாரத்தில் நெல் அவித்து உலர்த்தும் சிறு ஆலை நடத்துகிறார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பல நாள் கழித்து மின்சாரம் திரும்பியபோது அவருடைய ஆலையில் மோட்டார்கள் நலம், கொதிகலன் நலம், கூரையில் சில தகடுகள் மட்டும் சேதம். ஆனால் உலர்த்தும் பகுதி அசையவில்லை. பழைய வகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் நிரலைத் தாங்கி நிற்பது ஒரு சிறு பேட்டரி. மின்சாரம் இருக்கும்வரை பேட்டரி செத்துப்போனது யாருக்கும் தெரியாது. அதற்கென்று உள்ள சிவப்பு விளக்கை யாரும் பார்ப்பதும் இல்லை. நீண்ட மின்வெட்டு வந்தபோது நிரல் முழுதும் அழிந்துபோயிருந்தது.

நகல் கேட்டு, இயந்திரத்தை நிறுவிக் கொடுத்தவரை அழைத்தார். நிரல் எழுதிய பொறியாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். அது அவருடைய மடிக்கணினியில் இருந்திருக்கலாம் என்றார்கள். புதிதாக எழுதித் தர ஒரு தொகை கேட்டார்கள். பேரம் பேசும் நிலையில் இவர் இல்லை. ஆலை நிற்கும் ஒவ்வொரு நாளும் நாற்பது பேருக்குக் கூலி இல்லை. ஈர நெல் காத்திருக்காது. கேட்டதைக் கொடுத்தார்.

இதைப் பொருளியலில் பிணைப்புச் சிக்கல் என்று சொல்லலாம். ஒரே ஒருவரிடம் மட்டுமே பயன்படும் முதலீட்டை ஒருவர் செய்துவிட்டால், மற்றவர் பின்னால் விலையை உயர்த்தும் வலிமையைப் பெறுகிறார். 2009-இல் நோபல் பரிசு பெற்ற ஆலிவர் வில்லியம்சனும், 2016-இல் பெற்ற ஆலிவர் ஹார்ட்டும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் சிக்கலை ஆராய்வதில் செலவிட்டவர்கள். ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் எழுத முடியாது. எழுதாமல் விட்டதில் யாருக்கு அதிகாரம் என்பதே சொத்துரிமையின் உட்பொருள் என்பது ஹார்ட்டின் வாதம். இயந்திரம் வாங்கும் ஒப்பந்தத்தில் குதிரைத்திறன் இருக்கும், எஃகின் தடிமன் இருக்கும். நிரலின் நகல் யாருக்கு என்ற வரி இருக்காது. அந்த விடுபட்ட வரியின் விலையைத்தான் என் மாணவர் கொடுத்தார்.

நகலெடுப்பது அவ்வளவு எளிதா என்று கேட்கலாம். பென் டிரைவைச் செருகி இழுத்துப் போடும் வேலை அன்று இது. கருவிக்குள் இருப்பது பெரும்பாலும் இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவம் மட்டுமே. எழுதியவர் வைத்த பெயர்களும் குறிப்புகளும் அவருடைய கணினியில்தான் இருக்கும். கருவியிலிருந்து நிரலைத் திரும்ப இறக்கினால், பல பழைய வகைகளில் அந்தக் குறிப்புகள் இல்லாத எலும்புக்கூடுதான் கிடைக்கும். ஆலையை ஓட்ட அது போதும், திருத்த உதவாது. திரையோடு கூடிய பழைய ஆலைக் கணினிகளில் வேறு தொல்லை. கோப்புகளை மட்டும் புதிய வட்டுக்கு மாற்றினால் கணினி எழும்பாது. தொடக்கப் பகுதியோடு வட்டு முழுவதையும் அப்படியே படியெடுக்க வேண்டும். சில மென்பொருள்களின் உரிமம் வட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், படியெடுத்த பிறகும் உரிமம் இல்லை என்று கணினி அடம்பிடிக்கும். பழைய கருவிகள் சில 2 ஜிபி-க்கு மேற்பட்ட நினைவக அட்டையை அடையாளமே காணா. கடையில் இன்று அவ்வளவு சிறிய அட்டையைத் தேடிப்பிடிப்பதே ஒரு வேலை. எடுத்த நகலை ஒருமுறையாவது ஏற்றி ஓட்டிப் பார்க்காதவரை அதை நகல் என்று சொல்வதற்கில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நகலெடுக்கும் கையே நோயையும் கொண்டுவரும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், இணையத்தோடு தொடர்பில்லாத ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்துக்குள் புகுந்து சுழல் இயந்திரங்களைக் கெடுத்தது. அது பரவிய வழிகளில் முதன்மையானது பென் டிரைவ். சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான நிரல் கோப்புறைகளுக்குள்ளேயே தன்னைப் பதித்துக்கொண்டு, ஒரு பொறியாளர் இன்னொருவருக்கு அந்தக் கோப்புறையைக் கொடுக்கும்போது அதுவும் கூடவே போயிற்று. சைமன்டெக் நிறுவனம் அப்போது வெளியிட்ட கணக்கில், பாதிக்கப்பட்ட கணினிகளில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த இடம் இந்தியாவுக்கு. சுமார் 8 விழுக்காடு. நம்மைக் குறிவைத்து எழுதப்பட்டதன்று அது. நம் பொறியாளர்களின் சட்டைப்பையில் இருந்த பென் டிரைவ்களே அதற்குப் போதுமானதாக இருந்தன.

கூடங்குளத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2019 அக்டோபர் இறுதியில் அங்கே தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியபோது, அணுமின் நிலையம் முதலில் மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது என்றும், செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்து ஆராயப்பட்டது என்றும், உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு அதிலிருந்து தனித்து நிற்பதால் பாதிப்பில்லை என்றும் விளக்கமளித்தது. அந்த விளக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் நடான்ஸும் இணையத்திலிருந்து தனித்து நின்றதுதான். ஆகவே தனித்து நிற்கும் வலையமைப்புக்குள் கோப்புகளை யார், எந்த வட்டில் கொண்டுபோகிறார்கள் என்ற ஒழுங்கும் தனிமையைப் போலவே முக்கியம். நகலெடுப்பதற்கென்றே ஒரு கணினி, வேறெதற்கும் பயன்படாத வட்டு, தேதியிட்ட ஒரு பதிவேடு ஆகியவை இருந்தால் பெரும்பகுதி அபாயம் குறையும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நல்ல மோட்டாரின் விலைக்கும் குறைவு.

நல்ல நகல் என்ன செய்யும் என்பதை நார்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோ 2019 மார்ச்சில் காட்டியது. அதன் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டவர்களுக்கு அது ஒரு காசும் கொடுக்கவில்லை. சில ஆலைகளைக் கையால் இயக்கிக்கொண்டே, சேமித்து வைத்திருந்த நகல்களிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுத்தது. இழப்பு பெரிதுதான், ஆனால் பேரம் பேசும் வலிமை அதன் கையில் இருந்தது.

நம் சட்டம் இவ்விஷயத்தில் வாங்கியவர் பக்கமே நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்வதை உரிமை மீறலாகக் கருதக் கூடாது என்கிறது. ஆனால் நிரலைக் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டுச் சாவியை விற்றவரே வைத்துக்கொண்டால், அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே கடவுச்சொல்லையும் குறிப்புகளோடு கூடிய மூல நிரலையும் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை தரப்படும் என்ற ஒரு வரியைக் கொள்முதல் ஆணையில் சேர்ப்பது வாங்குபவரின் கையில் இருக்கிறது. பணம் கைமாறும் முன்பு கேட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் தந்துவிடுவார்கள். பிறகு கேட்டால் அதற்குத் தனி விலை.

வங்கிகளுக்கும் இதில் பங்கு உண்டு. சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும்போது இயந்திரத்தை ஈடாக எழுதிக்கொள்கிறார்கள்; ஆண்டுதோறும் வந்து பார்த்து, அது இருந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போகிறார்கள். நிரல் அழிந்த இயந்திரம் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். நகல் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை அந்த ஆய்வுப் படிவத்தில் சேர்ப்பது கடன் கொடுத்தவருக்கே நல்லது. காப்பீட்டு நிறுவனங்களும் அவ்வாறே கேட்கலாம். தீயணைப்பான் இருக்கிறதா என்று கேட்கத்தானே செய்கிறார்கள்?

பூவத்துக்கு அருகே திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் ஒரு வாரம் அதன் மாணவர்கள் இவ்வட்டாரச் சிற்றாலைகளுக்குச் சென்று பேட்டரியை மாற்றி, நிரலைப் படியெடுத்து, அதை ஏற்றிச் சரிபார்த்து, தேதி எழுதிய உறையில் உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வரலாம். பாடத்திட்டத்தில் இதற்கு இரண்டு மதிப்பெண் புள்ளிகள் தந்தால் போதும். என் மாணவர் தம் ஆலையை முதலாவதாக எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.