இரும்பு விதையில் முளைக்கும் கரிக்குழாய்

பொறியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பேச்சில் 'கார்பன் நானோ குழாய்' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. 1991-ல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்த பிறகு உலகெங்கும் ஆராயப்பட்டுவரும் பொருள் இது. கரி அணுக்கள் வலைபோலப் பின்னிச் சுருண்ட குழாய். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. எடைக்கு எடை எஃகைவிட வலியது.

இத்தனை மெல்லிய குழாயை எந்த லேத்திலும் கடைந்தெடுக்க முடியாது. பயிரைப்போல வளர்க்கத்தான் வேண்டும். அதற்கு விதை, இரும்புத் துகள்.

தண்டவாள எஃகில் சுமார் 0.7 சதவீதம் கரி இரும்போடு இரண்டறக் கலந்திருப்பதை ரயில்வேயில் பணியாற்றிய நாங்கள் அறிவோம். இங்கே நடப்பது வேறு. சுமார் 750 டிகிரி செல்சியஸ் சூட்டில் எத்திலீன் வாயுவைச் செலுத்தினால், துகள் அதிலுள்ள கரியை உறிஞ்சும். கொள்ளளவு மீறியதும் வெளியே தள்ளும். அதுவே குழாயாக எழுகிறது. அச்சின் துளைக்கேற்ப இடியாப்பம் அமைவதுபோல, துகளின் அளவுக்கேற்பக் குழாயின் பருமன் அமைகிறது.

ஆகவே விதை தயாரிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிலிக்கன் தகட்டின்மேல் முதலில் அலுமினாப் பூச்சு. அதன்மேல் சுமார் 1 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கனத்துக்கு, இரும்புப் படலம். ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கினால், எண்ணெய் தடவிய கல்லில் தண்ணீர் துளித்துளியாகத் திரள்வதுபோல, படலம் பிரிந்து துகள்களாகிறது.

சூட்டில் அதிக நேரம் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். அவற்றை நகரவிடாமல் பிடித்துவைப்பது அலுமினா. அது இல்லாவிட்டால் இரும்பு சிலிக்கனோடு கலந்து வீணாகும்.

இன்னொரு வழியும் உண்டு. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஃபெரிட்டின்' என்று பார்த்திருப்பீர்கள். உடலில் இரும்பைச் சேமிக்கும் இந்தப் புரதத்தின் உட்கூடு சுமார் 8 நானோமீட்டர். அதில் அளவாக இரும்பை ஏற்றி, புரதத்தை எரித்துவிட்டால், ஏறக்குறைய ஒரே அளவான துகள்கள் மிஞ்சும்.

விதை நன்றாயிருந்தாலும், மேலே வேண்டாத கரி மூடினால் வளர்ச்சி நின்றுவிடும். 2004-ல் ஜப்பானில் கென்ஜி ஹாத்தா குழுவினர் சிறிதளவு நீராவி சேர்த்து அந்தக் கரியை அகற்றினார்கள். 10 நிமிடத்தில் குழாய்கள் 2.5 மில்லிமீட்டர் உயர்ந்தன!

குழாயின் பருமனும் அது சுருண்டிருக்கும் கோணமும்தான் அது உலோகம்போல மின்சாரத்தைக் கடத்துமா, குறைகடத்தியாக இருக்குமா என்பதை முடிவுசெய்கின்றன. வேண்டிய வகையை மட்டும் ஏராளமாக வளர்ப்பது இன்றும் எளிதல்ல. இத்துறைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், குழாய் சரியாக வளராதபோது உலையைக் குறை சொல்லுமுன் விதையைச் சோதித்துப் பார்க்கட்டும்.