தட்டிப் பார்த்த பிறகு?

எங்கள் தாமானில் பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருந்த நாள்களில் ஒரு மர மின்கம்பத்தில்தான் சாய்ந்து நிற்போம். மின்பொறியியல் படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது, கம்பத்தின் நோய் பெரும்பாலும் நம் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருப்பதில்லை. மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஈரமும் காற்றும் சேரும் இடத்தில், பூஞ்சை மரத்தை அரிக்கிறது. மேலே அது வாட்டசாட்டமாகவே நிற்கும்.

ஆய்வுக்கு வருபவர் முதலில் சுத்தியலால் தட்டுவார், நாம் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல. நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரத்தின் ஒலி மழுங்கியிருக்கும். பிறகு அடிமண்ணைத் தோண்டி, மரத்தில் துளையிட்டு, உள்ளே எவ்வளவு நல்ல மரம் மிஞ்சியிருக்கிறது என்று அளப்பார்.

இந்தத் துளை ஆய்வை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் கட்டாயமாக்கியுள்ளது. அதில் தேறிய கம்பத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும். சரி, தேறாத கம்பத்தை என்ன செய்வது?

டெக்சஸில் நடந்ததைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 26ஆம் தேதி, பலத்த காற்றில் உளுத்த கம்பம் ஒன்று முறிந்து விழ, காய்ந்த புல்லில் தீப்பற்றியது. பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் எரிந்தது. அது மலாக்கா மாநிலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. அந்தக் கம்பம் ஆய்வுக்குத் தப்பியதன்று என்பதுதான் என்னை உறுத்துகிறது. சில வாரங்களுக்கு முன்புதான் அதைச் சோதித்து, மாற்ற வேண்டும் என்று குறித்திருந்தார்கள்.

2025இல் டெக்சஸ் சட்டமன்றம், கம்பங்களை ஆய்வுசெய்து பராமரிக்கும் திட்டத்தை மின் நிறுவனங்கள் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நல்லதுதான். ஆனால் கண்டுபிடிப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையில் எத்தனை நாள் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

கலிஃபோர்னியா அதற்கும் கெடு வைத்திருக்கிறது. காட்டுத்தீ அபாயம் மிக அதிகமான பகுதியில், தீ மூட்டக்கூடிய பழுதை 6 மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஆனால் டெக்சஸ் கம்பத்துக்கு அந்தக் கெடுவும் போதாது. அது சில வாரங்களே தாங்கியது. 'உடனடி ஆபத்து' என்று வகைப்படுத்தினால் மட்டுமே அன்றே ஆள் வருவார்கள், குறைந்தது ஒரு முட்டுக்கம்பாவது கொடுப்பார்கள். அந்த வகையை முடிவுசெய்பவர், சுத்தியலோடு கம்பத்தடியில் தனியாக நிற்கும் அந்த ஆய்வாளர்தான்.